குரோம்பேட்டை: ஒரு பெயரின் பூர்வோத்தரம்

செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் என்று பாக்கங்களும், சேலையூர், வண்டலூர் என்று ஊர்களும், பல்லவர் பெயரைத் தாங்கிய பல்லாவரமுமாகப் புராதன நாமங்கள் நெருங்கிக் கிடக்கும் தாம்பரம் பிரதேசத்தில், ஓர் உலோகத்தை நிலைமொழியாகவும் பேட்டையை வருமொழியாகவும் கொண்டு ஒரே தொகைச்சொல்லாய் நிற்கும் ஊர் குரோம்பேட்டை.

வருமொழியில் நமக்குச் சிரமமில்லை. 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டான சிந்தாதிரிப்பேட்டையைப் போல, தொழிலைச் சுற்றி முளைத்த குடியிருப்பைப் பேட்டை என்பது சென்னையில் நெடுநாளைய வழக்கு. நிலைமொழிதான் தேசாந்திரி. 1797-இல் சைபீரியச் செந்நிறத் தாதுவை ஆராய்ந்த வோக்லேன் என்ற பிரெஞ்சு ரஸாயன நிபுணர் அதில் ஒரு புதிய உலோகத்தைக் கண்டார். அதன் உப்புக்கள் பல வர்ணங்கள் காட்டியதால், வர்ணம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அவ்வுப்பால் தோல் பதனிடுவதை 1858-இல் ஆராய்ந்தவர் க்னாப் என்ற ஜெர்மானியர். 1884-இல் ஷூல்ட்ஸ் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிறகே அது ஆலைத்தொழிலாயிற்று. சொற்களை ஒட்டவைப்பதில் நமக்குச் சளைக்காத ஜெர்மானியர் அத்தோலைக் ‘குரோம்லேடர்’ என்று ஒரே சொல்லாக எழுதுகிறார்கள். நாமோ ஊரையே அப்படிச் சேர்த்து எழுதிவிட்டோம்.

சென்னைக்கு இவ்வித்தையைக் கொணர்ந்தவர் கலைத்தொழிற் பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன். ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறி, மரப்பட்டையின் நிறமே ஏறிப் பக்குவப்பட்ட நம் தோல், செருப்புக்கு உத்தமமானதாயினும், கவலை ஏற்றத்துச் சாலாக நாள்தோறும் கிணற்று நீரில் முழுகி எழும்போது சீக்கிரமே நைந்துபோவதைக் கண்டு, நீருக்கு அஞ்சாத குரோம் தோலை உழவர் கையில் கொடுக்க வேண்டுமென்று 1903-இல் அவர் சர்க்கார் செலவில் பரிசோதனைகளைத் தொடங்கினார். வெட்டினால் உள்ளே நீலம் பாய்ந்திருக்கும் அந்தத் தோல் ஜனங்களுக்கு விநோதமாகவே பட்டிருக்க வேண்டும். சர்க்காரே வியாபாரம் செய்வதாவது என்று ஐரோப்பிய வர்த்தகர்கள் ஆட்சேபிக்க, இந்திய மந்திரி மார்லி பிரபுவும் 1910-இல் அதை மறுக்க, சர்க்கார் ஒதுங்கிக்கொண்டது. விட்ட இடத்தில் தனியார் முதல் புகுந்தது. பல்லாவரத்தை அடுத்து 1912-இல் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் ஸ்தாபித்த குரோம் லெதர் கம்பெனியைச் சுற்றி எழுந்த குடியிருப்பே குரோம்பேட்டை. 1931-இல் தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது, 1949-இல் எம்.ஐ.டி. கல்லூரியும் குரோம்பேட்டையில் தோன்றியது. மற்றதைச் சென்னையின் பெருக்கம் பார்த்துக்கொண்டது.

உழவன் சாலுக்கென்று வரவழைத்த உப்பு, பிற்காலத்தில் பம்மல், நாகல்கேணிப் பக்கத்துத் தோல் ஆலைகளின் கழிவாய் இறங்கி அவன் கிணற்றையே கெடுத்ததையும் இச்சரித்திரத்திலிருந்து நீக்க இயலாது. 2021 முதல் குரோம்பேட்டை தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்டது. அம்மாநகராட்சி இப்பெயரின் காரணத்தைத் தன் பள்ளிப் பிள்ளைகளுக்கேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.