இமை வீக்கமும் அறுவை மருத்துவமும்

கண்ணைக் காப்பது இமை. அவ்விமையே தடித்துத் தொங்கிவிடின், பார்வை குன்றாதவரும் பாராதவர் ஆகின்றனர். இந்நிலையை உண்டாக்கும் நோய்களுள் ஒன்று, மேனாட்டு மருத்துவர் 'ரோசேசியா' எனக் கூறும் முகச் செம்மை நோயாகும். கன்னமும் மூக்கும் நெடுநாள் சிவந்திருக்கும் இந்நோயில், மிகச் சிலர்க்கு இமைகளும் வீங்கி, அவ்வீக்கம் வடியாது நிலைத்துவிடுகின்றது.

இமையை அறுத்துத் திருத்தும் கலை தொன்மையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியர் செல்சஸ், தம் மருத்துவ நூலின் ஏழாம் பகுதியில், தளர்ந்த மேலிமைத் தோலை அறுத்துத் தைக்கும் முறையை விளக்குகின்றார். அறுக்குமுன் மையால் கோடிட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்டளை. தோல் மிகுதியாக அறுபடின் இமை மூடாது. அக்குறையைக் கிரேக்கர் 'முயற்கண்' என்றனர். முயல் கண் மூடாமல் உறங்கும் என்பது அவர்தம் நம்பிக்கை.

பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபா நகரை அடுத்து வாழ்ந்த அல் சஹ்ராவி, மிகுந்த இமைத்தோலை இரு நாணற் குச்சிகளுக்கு இடையே இறுகக் கட்டி, அது தானே பட்டு உதிரும்படி செய்யும் முறையையும் எழுதி வைத்தார். 1818ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் கார்ல் வான் கிரேஃபே, இமைச் சீரமைப்புக்குப் 'பிளெஃபரோபிளாஸ்டி' என்னும் பெயரை வழங்கினார்.

கத்தி இவ்வாறு தேர்ச்சி பெற்றது. வீக்கத்தின் காரணமோ நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. மனித உடலில் நிணநீர்க் குழாய்கள் உண்டென்பதை டென்மார்க்கின் பார்த்தொலின் 1654இல் வெளியிட்டார். 1957இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ரொபேர் தெகோ, பிரித்தானி பகுதியைச் சேர்ந்த மொர்பியான் மாவட்டத்து நோயாளி ஒருவரிடம் இத்தகைய முகவீக்கத்தைக் கண்டு கூறினார். அம்மாவட்டத்தின் பெயரே பின்னர் நோய்க்கும் ஆயிற்று. நெடுநாள் அழற்சியால் நிணநீர் வடிய வழியின்றித் தேங்குவதே இவ்வீக்கத்திற்குக் காரணம் என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து.

ஆகவே, அறுவை ஒன்றே தீர்வன்று. மருத்துவர் முதலில் திசுவைச் சோதித்துப் பிற நோய்களை விலக்குவர்; பல மாதங்கள் மருந்து கொடுப்பர். அதன் பின்னும் தடிப்பு பார்வையை மறைப்பின், இமையின் இயல்பான மடிப்பை ஒட்டிக் கீறி, தடித்த பகுதியை அகற்றுவர். மறைந்த பார்வை மீளும். எனினும் நிணநீர்த் தேக்கம் நீங்காவிடின் வீக்கமும் மீளக்கூடும். இவ்வுண்மையை நோயாளிக்கு முன்னரே உணர்த்துதல் மருத்துவர் கடன். செல்சஸ் இட்ட மைக்கோடு அறுப்பதன் எல்லையைக் காட்டியது. நிணநீர் அறிவோ, அறுவை மருத்துவத்தின் எல்லையையே காட்டுகின்றது.