வெயில் ஊரின் கம்பளிப் பின்னல்

கம்பளி நூலை இரண்டு ஊசிகளில் கண்ணி கண்ணியாகக் கோத்து உடுப்பாக்கும் கைப்பின்னல் குளிர் நாடுகளின் கலை. சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். 1895 டிசம்பர் 11 அன்றும் 1905 ஜனவரி 29 அன்றும் அந்தக் குளிர் பதிவாயிற்று. இப்படிப்பட்ட நகரத்தின் மேற்குப் புறத்தில், பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில், மஃப்ளரும் குல்லாவும் குழந்தைச் சாக்ஸும் பின்னும் பழக்கம் இடம் பிடித்ததற்குப் படை முகாமும் பள்ளிக்கூடமும் ஆலையும் காரணமாயின. முழு ஸ்வெட்டர் இங்கே பெரும்பாலும் தேவைப்படவில்லை. தலை, காது, கழுத்து, பாதம் ஆகிய நான்கையும் காக்கும் சிறு உருப்படிகளே இங்கு பின்னப்பட்டன. ஓரிரு மாலைகளில் முடியும், நூலும் அதிகம் செலவாகாது என்பதால் அவையே நிலைத்தன.

இன்று கிடைக்கும் மிகப் பழைய பின்னல் துணிகள் எகிப்தைச் சேர்ந்த காலுறைகள். 11 முதல் 14 ஆம் நூற்றாண்டுக்கு உட்பட்ட அந்தக் காலுறைகளில் பல பருத்தி நூலால் ஆனவை. பின்னல் என்றாலே கம்பளி என்ற எண்ணம் பிற்பாடு ஐரோப்பாவில் வலுப்பெற்றது. 1589 இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டக எந்திரத்தை அமைத்தார். அதன் வழிவந்த எந்திரங்கள்தான் பிற்காலத்தில் திருப்பூரைப் பனியன் நகரமாக்கின. அம்பத்தூரில் கம்பளியே தொடாதவர்கள்கூடத் தினமும் ஒரு பின்னலாடையை அணிகிறார்கள். சட்டைக்குள் இருக்கும் பருத்திப் பனியன் அது. கைப்பின்னலின் கதை அதிலிருந்து தனியாகப் பிரிந்து ஓடுகிறது.

இந்த வட்டாரத்தில் ஐரோப்பியரின் கம்பளி வந்து இறங்கிய முதல் பெரிய இடம் பூந்தமல்லி. 19 ஆம் நூற்றாண்டில் அது படை முகாமாக இருந்தது. கப்பலில் புதிதாக வந்த ஆங்கிலேயப் படையினரும், நோயுற்றுத் தேறிவந்தவர்களும் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். படைவீரர்களின் உடைமைகளில் கம்பளிக் காலுறையும் இருந்தது. குடும்பத்தோடு வந்த வீரர்களின் பிள்ளைகளுக்காகப் படைப்பிரிவுப் பள்ளிகள் நடந்தன. 1840 முதல் அப்பள்ளிகளுக்குப் ஆசிரியைகளும் நியமிக்கப்பட்டார்கள். எழுத்து, வாசிப்பு, கணக்கோடு ஊசி வேலையும் கற்றுத்தருவது அவர்கள் கடமை.

ஊசி வேலை தமிழ்க் குடும்பங்களுக்குள் நுழைந்த வாசல் மிஷன் பள்ளி. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820களில் பெண்களுக்கு லேஸ் வேலை கற்றுக்கொடுத்தது பரவலாக அறியப்பட்ட செய்தி. அந்த லேஸ் விற்பனைக்காகச் செய்யப்பட்டது. ஏழைப் பெண்கள் சம்பாதிக்க வழி காட்டியது. பெண்கள் பள்ளியின் தையல் வகுப்பு விற்பனையை அவ்வளவாக நாடவில்லை. துணி வெட்டுதல், எம்பிராய்டரி, குரோஷா, பின்னல் எல்லாம் அங்கே ‘கைவேலை’ என்ற ஒரே பெயரில் சேர்ந்தன. அரசு தொழில்நுட்பத் தேர்வுகளில் இசை, ஓவியம், நெசவு ஆகியவற்றோடு தையலும் ஒரு பாடமாக இடம்பெற்றது. அதில் லோயர், ஹையர் தேர்ச்சி பெற்றவர்கள் தையல் ஆசிரியைகளானார்கள். அண்மைக்காலம் வரை அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் அவர்களே. அந்த ஆசிரியைகளின் பங்கு போதிய அளவு எழுதப்படாதது பெரிய குறை. இந்தக் கலை தலைமுறை தாண்டி வந்ததில் அவர்களின் உழைப்புக்கு முதன்மையான இடம் உண்டு.

பின்னலுக்குப் பொதுக் கடமை என்ற மதிப்பைத் தந்தவை போர்கள். இன்று மார்கழி விடியலில் ஆவடி வீதிகளில் காணும் குரங்குக் குல்லாவின் வரலாறும் போரோடு தொடர்புடையது. முகம் மட்டும் தெரிய, தலையும் காதும் கழுத்தும் மூடும் அந்தக் குல்லாவுக்கு ஆங்கிலத்தில் பாலகிளாவா என்று பெயர். கிரீமியப் போரில் 1854 அக்டோபர் 25 அன்று சண்டை நடந்த ஊரின் பெயர் அது. அந்தப் போரின் கடுங்குளிரில் வாடிய வீரர்களுக்கு இங்கிலாந்துப் பெண்கள் கம்பளி உடுப்புகளைப் பின்னி அனுப்பினார்கள். முதல் உலகப் போரில் அந்த வழக்கம் பேரரசு முழுவதும் பரவியது. சென்னை மாகாண மக்கள் போர் உதவிக்காகத் திரட்டிய நிதியில் ‘மதராஸ்’ என்ற மருத்துவக் கப்பலே இயங்கியது. இரண்டாம் உலகப் போரில், 1939 டிசம்பரில், லண்டன் இந்தியா ஹவுஸில் தொடங்கிய இந்தியன் கம்ஃபர்ட்ஸ் ஃபண்ட், இந்தியப் படையினருக்கும் போர்க்கைதிகளுக்கும் உணவுப் பொட்டலங்களோடு கம்பளி உடுப்புகளையும் அனுப்பியது. ஆவடி பெரிய படைத்தளமாக வளர்ந்ததும் அதே போர்க்காலத்தில்தான்.

1962 அக்டோபர் 20 அன்று தொடங்கிய சீனப் போர் தமிழ்நாட்டு வீடுகள் வரை எட்டியது. வடகிழக்கு எல்லையில் 13,000 அடிக்கும் மேலான சேலா கணவாய்ப் பகுதிக்குச் சமவெளியிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்ட வீரர்களில் பலருக்குப் பருத்திச் சீருடையும் கேன்வாஸ் காலணியும்தான் இருந்தன. குண்டுக்குத் தப்பியவர்களையும் குளிர் கொன்றது. அந்தச் செய்தி வந்ததும் நாடெங்கும் பெண்கள் நகைகளைக் கழற்றித் தேசியப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். ஜவான்களுக்காக மஃப்ளரும் சாக்ஸும் ஸ்வெட்டரும் பின்னினார்கள். பனியையே பார்த்திராத ஊர்ப் பெண்களும் அதில் சேர்ந்தது நினைவில் வைக்கத் தக்கது.

ஆவடியில் படைத்துறை உடை ஆலை எழுந்ததும் 1960களின் தொடக்கத்தில்தான். அதே காலத்தில் அமைந்த கனரக வாகன ஆலை டாங்கி செய்தது; உடை ஆலை வீரனின் சீருடையைத் தைத்தது. கம்பளிப் பின்னல் இந்த ஆலையின் முதன்மை வேலை அல்ல. படைக்கான கம்பளி உடுப்புகளுக்கு 1914 இல் தொடங்கிய உத்தரப் பிரதேசத்து ஷாஜஹான்பூர் ஆலை பெயர்பெற்றது. ஆனாலும் ஆவடியின் வாழ்க்கையை இந்த நிறுவனங்கள் மாற்றின. படை முகாம், விமானப்படைத் தளம், மத்திய ரிசர்வ் போலீஸ் வளாகம், ஆலைக் குடியிருப்புகள் என்று பஞ்சாப், இமாசலம், உத்தரப் பிரதேசக் குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்களோடு அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தன. வடக்கே பெண்கள் குளிர்கால வெயிலில் அமர்ந்து பின்னுவது அன்றாட வழக்கம். அந்த வழக்கமும் அவர்களோடு வந்தது. புத்தகம் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தே கற்கக்கூடிய வேலை இது.

அப்படிக் கற்பவர் முதலில் பின்னுவது மஃப்ளர்தான். இந்தியக் கடைகளில் ஊசிகள் பழைய பிரிட்டிஷ் எண்ணிலேயே விற்கின்றன. எண் கூடக்கூட ஊசி மெலியும். 8 ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர் தடிமன். அதில் நாற்பது கண்ணி ஏற்றி, எல்லா வரிசையையும் பிளெய்னாகவே, அதாவது நேர்க்கண்ணியாகவே, பின்னினால் இரு பக்கமும் ஒரே மாதிரி மேடு பள்ளமாக வரும், ஓரம் சுருளாது. பிளெய்ன் ஒரு வரிசை, பர்ல் (எதிர்க்கண்ணி) ஒரு வரிசை என்று மாற்றிப் பின்னினால் முகப்பு வழவழப்பாக இருக்கும். ஆனால் ஓரங்கள் உருண்டுகொள்ளும். அதனால் மஃப்ளருக்கு அது ஆகாது. இரண்டு பிளெய்ன், இரண்டு பர்ல் என்று ஒரே வரிசையில் மாற்றிப் பின்னுவது பார்டர். இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். குல்லாவின் விளிம்பிலும் சாக்ஸின் வாயிலும் அதைப் போடுவது அதற்காகவே. குல்லாவின் உச்சிக்கு வரும்போது இரண்டு கண்ணிகளைச் சேர்த்துச் சேர்த்துப் பின்னிக் குறைக்க வேண்டும். எஞ்சிய கண்ணிகளுக்குள் நூலைக் கோத்து இழுத்து முடிச்சிட்டால் குல்லா தயார். கையும் கணக்கும் பழகியவருக்குக் குழந்தைக் குல்லா ஒரு நாள் வேலை.

நூலின் மாற்றம் இந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1950 இல் ஆர்லான் என்ற அக்ரிலிக் இழையைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. பிறகு இந்தியாவிலும் அக்ரிலிக் நூல் பெருகியது. லூதியானா ஆலைகளின் நூல் உருண்டைகள் சென்னைக் கடைகளை நிறைத்தன. பேச்சில் அதற்கும் ‘உல்லன்’ என்றே பெயர். பூச்சி அரிக்காது, துவைத்தால் சுருங்காது, உடம்பில் குத்தாது, விலையும் குறைவு. சென்னையின் ஈரக்காற்றுக்கும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கும் இது ஆட்டுக் கம்பளியைவிட எளிதாகப் பொருந்தியது.

அணிகிறவர்களும் இந்த வட்டாரத்தில் பெருகினார்கள். டிஐ சைக்கிள்ஸ் ஆலை 1949 இல் அம்பத்தூரில் எழுந்தது. 1960களில் தொழிற்பேட்டை உருவாயிற்று. கடலிலிருந்து விலகி, ஏரிகளும் வெட்டவெளியும் சூழ்ந்த மேற்குப் புறத்தில் தை மாத இரவுகள் மெரினாவை ஒட்டிய பகுதிகளைவிடக் குளிரும். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் பனிமூட்டமும் இறங்கும். மூன்றாம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பியவருக்குக் காதில் மோதும் காற்றே குளிர். மஃப்ளரைத் தலையோடு சேர்த்துக் காதை மூடிக் கட்டும் முறை அதற்குத் தக்கபடி உருவானது. மார்கழி பஜனைக்குப் போகும் முதியவர்களுக்கும், விடியலில் கோலம் போடும் பெண்களுக்கும் அதே தேவைதான்.

எல்லாரையும்விடக் கவனத்தோடு போர்த்தப்படுபவர்கள் தாயும் சேயும். பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் படக்கூடாது என்று காதில் பஞ்சு வைத்துத் துணி கட்டுவது பழைய வழக்கம். பச்சிளங்குழந்தையின் தலை வழியே உடல் சூடு அதிகம் வெளியேறும் என்பதால் குல்லா அணிவிப்பதை மருத்துவர்களும் வலியுறுத்துகிறார்கள். பேரனோ பேத்தியோ பிறக்கப்போகிறது என்றதும் பாட்டி ஊசியைக் கையில் எடுப்பது இதனால்தான்.

எந்திரம் எட்டாத கிளை குரோஷா. ஒரே கொக்கி ஊசியால் செய்யும் இந்தப் பின்னலை அப்படியே செய்யும் எந்திரம் ஆலைகளில் புழக்கத்துக்கு வரவில்லை. சென்னையில் உருவான ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழு 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. அடுத்த ஆண்டு 14 கிலோமீட்டரைத் தாண்டிய மஃப்ளரைப் பின்னி இன்னொரு சாதனை நிகழ்த்தியது. வீட்டில் தனித்தனியே பின்னியவர்களின் சிறு துண்டுகளை இணைத்தே அந்தப் போர்வை உருவானது.

2021 அக்டோபர் 1 முதல் ஆவடி உடை ஆலை, ஷாஜஹான்பூர் ஆலையோடு சேர்ந்து, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் நிறுவனத்தின் அங்கமாகிவிட்டது. குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் இப்போது பெரும்பாலும் கடையில் வாங்கப்படும் எந்திரப் பின்னல்கள். இந்தப் புறநகர் வீடுகளில் இன்றும் கையால் பின்னப்படுபவை குழந்தைக் குல்லாவும் சாக்ஸும்.