975,000: மீதியில்லாமல் வகுத்த கணக்கு

ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம். மலையக வரலாற்றில் இதைவிடப் பாரமான எண் வேறில்லை. காரணிகள் படிப்பிக்கும் நாம், இந்த எண்ணையும் ஒருமுறை கரும்பலகையில் எழுதிப் பார்ப்போம்.

975,000 = 2³ × 3 × 5⁵ × 13. மொத்தம் 96 காரணிகள். பங்கு போட வசதியான எண். கடைசியில் மூன்று பூச்சியம் இருக்கிறதே, அதுவே சொல்லிவிடுகிறது: ஆளாளாக எண்ணி வந்த தொகையல்ல இது, மதிப்பீடு.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் கொழுந்து பறித்த பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பதினாறு வருடங்களுக்குப் பின், 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் அந்த மக்களைப் பங்கிட்டு ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியாவுக்கு 525,000. இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதாக முடிவு.

இந்த மூன்று எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காணுங்கள். 75,000. வகுத்தால் 7 : 4 : 2. கூட்டினால் 13. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோதும் இதே கணக்குத்தான்: 7 பேருக்கு இந்தியப் பிரஜாவுரிமை என்றால், 4 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை.

1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் மிச்சமிருந்த 150,000ஐச் சரிபாதியாக்கினார்கள். ஆளுக்கு 75,000. ஆக 600,000க்கு 375,000, அதாவது 8 : 5. மீதி பூச்சியம். கடதாசியில் கணக்குச் சரி.

லயத்தில் சரிவருமா? 8க்கும் 5க்கும் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி கிடையாது. இந்த விகிதத்தில் ஒரு குடும்பத்தைப் பிரிப்பதென்றால், அதில் 13 பேரோ 26 பேரோ இருக்க வேண்டும். குடும்பத்தை அப்படிப் பிரிக்கும்படி யாரும் சொல்லவில்லைதான். ஆனால் நடந்தது பிரிவுதான். அக்கா அங்கே, தம்பி இங்கே. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய் மறுபடியும் தேயிலைக்கே கைநீட்டினார்கள். 1984இல் கப்பலும் நின்றது. போகவேண்டியவர்கள் என்று எழுதப்பட்ட எத்தனையோ பேர் இங்கேயே தங்கிப்போனார்கள். பூச்சியம் என்று எழுதிய இடத்தில் மீதியாக நின்றவர்கள் அவர்கள்தான்.

அந்த மீதியைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் அது பிரஜாவுரிமை வழங்கியது. 1948இலிருந்து எண்ணினால் 55 வருடங்கள்.

விகிதம் படிப்பிக்கும்போது மாம்பழத்தையும் தோடம்பழத்தையும் பங்கிடச் சொல்கிறோம். மலையகப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கையும் ஒருமுறை கொடுப்போம். விடையை வீட்டிலுள்ள அம்மாயி, தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்வோம். எந்தப் பங்கில் யார் போனார்கள், யார் நின்றார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.