ஒரு கேக்கின் அடக்க விலை

மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். எல்லாவற்றையும் கலக்கி நீள அச்சில் ஊற்றி வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லோஃப் கேக் தயார். அதே மாவைச் சின்னச் சின்னக் காகிதக் கிண்ணங்களில் ஊற்றினால் இருபது நிமிடத்தில் கப் கேக். ஓவன் இல்லாத நம்மூர் வீடுகளில் குக்கருக்குள் மணலையோ உப்பையோ பரப்பி, அதன்மேல் பாத்திரத்தை வைத்தே செய்துவிடுகிறார்கள்.

இவ்வளவு சுலபமான இந்தப் பலகாரம், 250 வருடங்களுக்கு முன்னால் வசதியான வீடுகளில் மட்டுமே நடந்த காரியம் என்றால் நம்புவீர்களா?

வணிகவியல் படிப்பவர்களுக்கு "அடக்க விலை" என்ற சொல் பழக்கமானது. மூலப்பொருள், கூலி, இதர செலவு என்று கூட்டிப் போடுகிற கணக்கு. கேக்கின் வரலாற்றை அந்தக் கணக்கோடு படித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். சமையலறையில் செலவு குறைந்தபோதெல்லாம் அது மறைந்துவிடவில்லை, வேறு யார் தலையிலோ போய் உட்கார்ந்திருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஒரு பவுண்டு, ஒரு மணி நேரம்

வீட்டில் செய்யும் லோஃப் கேக்குக்கெல்லாம் தாத்தா, இங்கிலாந்தின் பவுண்டு கேக். பெயரிலேயே செய்முறை இருக்கிறது. மாவு ஒரு பவுண்டு, வெண்ணெய் ஒரு பவுண்டு, சர்க்கரை ஒரு பவுண்டு, முட்டை ஒரு பவுண்டு. ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம். பிரெஞ்சுக்காரர்கள் இதையே "நான்கு கால் பங்கு" என்ற பொருளில் கத்ர்-கார் என்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவு!

1747இல் லண்டனில் வெளியான ஹன்னா கிளாஸின் சமையல் புத்தகத்தில் இந்தக் கேக் இருக்கிறது. அவர் பன்னிரண்டு முட்டைகள் கேட்கிறார், வெள்ளைக் கருவில் பாதியை மட்டும் சேர்க்கச் சொல்கிறார். பிறகு வருவதுதான் முக்கியம். எல்லாவற்றையும் கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ ஒரு மணி நேரம் அடிக்க வேண்டும்.

ஏன் ஒரு மணி நேரம்? அன்றைக்கு பேக்கிங் பவுடரும் இல்லை, சோடாவும் இல்லை. கேக் உப்ப வேண்டுமானால் உள்ளே காற்று வேண்டும். வெண்ணெயும் முட்டையும் அடிபடும்போது சேரும் காற்றுக் குமிழிகள்தான் அடுப்பில் விரிந்து கேக்கைத் தூக்கின. அடிப்பதை நிறுத்தினால் கேக் கல் மாதிரி ஆகிவிடும்.

இதோடு வேலை முடியவில்லை. சர்க்கரை அன்று கூம்பு வடிவக் கட்டியாக விற்றது. அதை இடுக்கியால் உடைத்து, இடித்து, சலிக்க வேண்டும். செங்கல் அடுப்பின் சூட்டை அனுபவத்தால் மட்டுமே கணிக்க முடியும். வசதியான வீட்டில் இதையெல்லாம் செய்தவர் யார்? எஜமானி அல்ல, வேலைக்காரப் பெண். ஹன்னா கிளாஸ் தன் புத்தகத்தை எழுதியதே வேலைக்காரர்களுக்குப் புரிகிற எளிய மொழியில் சொல்லித்தர வேண்டும் என்றுதான். ஆக, பவுண்டு கேக்கின் அடக்க விலையில் முதல் வரி, கணக்கில் எழுதப்படாத அந்தக் கைவலி.

புத்தகம் நன்றாக விற்றும் ஹன்னா கிளாஸ் 1754இல் திவாலானார். அந்தப் புத்தகத்தின் உரிமையையே விற்க வேண்டி வந்தது என்பது ஒரு சோகமான கிளைக்கதை.

சர்க்கரை எங்கிருந்து வந்தது?

அடுத்த வரி சர்க்கரை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்த சர்க்கரை பெரும்பாலும் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் விளைந்தது. வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும்.

1791இல் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்காதீர்கள் என்பதே அதன் கோரிக்கை. லட்சக்கணக்கானோர் சர்க்கரையை நிறுத்தினார்கள். அன்று பெண்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. ஆனால் வீட்டுக்கு என்ன வாங்குவது என்ற முடிவு அவர்கள் கையில் இருந்தது. நாடாளுமன்றத்தில் பேச முடியாதவர்கள் தேநீர் மேசையில் பேசினார்கள்! பின்னாளில், அடிமைகள் உற்பத்தி செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய சர்க்கரைக் கிண்ணங்கள்கூடக் கடைகளில் விற்றன.

பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு நஷ்ட ஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. அந்தப் பணம் போனது அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளின் முதலாளிகளுக்கு. இப்படியும் ஒரு கணக்கு எழுத முடிந்திருக்கிறது.

கிண்ணத்தில் பிறந்த கேக்

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1796இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் அமேலியா சிம்மன்ஸ் என்ற பெண் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் புத்தகமாக இது கருதப்படுகிறது. முகப்பில் தன்னை "ஓர் அமெரிக்க அநாதை" என்றே அறிமுகம் செய்துகொள்கிறார். சின்னக் கிண்ணங்களில் சுடும் ஒரு லேசான கேக் அதில் இருக்கிறது. 1828இல் எலைசா லெஸ்லி எழுதிய புத்தகத்தில் "கப் கேக்" என்ற பெயரே வந்துவிட்டது.

இந்தப் பெயருக்கு இரண்டு பொருள் உண்டு. கிண்ணத்தில் சுடுவதால் கப் கேக் என்பது ஒன்று. கிண்ணத்தால் அளப்பதால் கப் கேக் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய மாற்றம். வெண்ணெய் 1 கப், சர்க்கரை 2 கப், மாவு 3 கப், முட்டை 4. அமெரிக்கர்கள் இதை ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு கேக் என்றே அழைத்தார்கள். தராசு இல்லாத வீட்டிலும் கேக் செய்யலாம் என்று ஆனது. நம் வீடுகளில் அரிசியையும் உளுந்தையும் ஒரே டம்ளரால் அளந்து இட்லிக்குப் போடுகிறார்களே, அதே தர்க்கம்தான்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஒரு வீட்டுக் கப் இன்னொரு வீட்டுக் கப் அல்லவே! 1896இல் பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர், மேல்மட்டத்தைக் கத்தியால் வழித்து அளக்கும் முறையைத் தன் புத்தகத்தில் வலியுறுத்தினார். பதிப்பாளருக்கு அந்தப் புத்தகத்தின் மேல் நம்பிக்கை இல்லை. முதல் 3000 பிரதிகளுக்கான செலவை ஃபார்மரே ஏற்க வேண்டியிருந்தது. புத்தகமோ பல லட்சம் பிரதிகள் விற்றது. ஹன்னா கிளாஸுக்குக் கிடைக்காத லாபம் இவருக்குக் கிடைத்தது.

சாம்பலிலிருந்து சோடா வரை

அந்த ஒரு மணி நேர அடியை ஒழித்தது வேதியியல். அதன் தொடக்கம், விறகுச் சாம்பல்!

சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடித்துக் காய்ச்சினால் பொட்டாஷ் கிடைக்கும். அதை மேலும் சுத்தம் செய்தால் பேர்ல் ஆஷ். புளித்த பாலோடு அல்லது வெல்லப்பாகோடு சேரும்போது அது கரியமில வாயுவை வெளியிட்டு மாவை உப்ப வைக்கும். அமேலியா சிம்மன்ஸ் புத்தகத்தில் இது இடம்பெற்றிருக்கிறது. அன்றைய அமெரிக்காவுக்குப் பொட்டாஷ் ஒரு முக்கியமான ஏற்றுமதிச் சரக்கு. அமெரிக்க அரசு 1790 ஜூலை 31 அன்று வழங்கிய முதல் காப்புரிமையே, சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவரின் பொட்டாஷ் தயாரிப்பு முறைக்குத்தான். கையெழுத்துப் போட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன்.

ஆனால் சாம்பல் உப்பு கொழுப்போடு சேர்ந்தால் சோப்பு வாசனை அடிக்கும். எனவே நாம் ஆப்ப சோடா என்று சொல்லும் சமையல் சோடா அதன் இடத்தைப் பிடித்தது. 1846இல் ஜான் டுவைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் அமெரிக்காவில் இதைப் பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கினார்கள். சோடாவுக்கு ஒரு புளிப்புத் துணை வேண்டும். புளித்த பாலின் புளிப்பு நாளுக்கு நாள் மாறும், அதனால் கேக்கும் நாளுக்கு ஒரு மாதிரி வரும்.

1843இல் பர்மிங்காம் மருந்து வியாபாரி ஆல்ஃபிரட் பேர்ட் இதற்கு வழி கண்டார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அவருக்காகவே சோடாவையும் உலர்ந்த அமிலப் பொடியையும் ஒன்றாகக் கலந்தார். ஈரம் படும்வரை சும்மா இருக்கும், ஈரம் பட்டதும் பொங்கும். இதுதான் பேக்கிங் பவுடர். மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாததால் 1837இல் முட்டையில்லாத கஸ்டர்டு பவுடரை உருவாக்கியவரும் இவரே. 1845இல் பிரிஸ்டலின் ஹென்றி ஜோன்ஸ் தானாக உப்பும் மாவுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஹார்வர்டு பேராசிரியர் எபன் ஹோர்ஸ்ஃபோர்டு, கால்சியம் பாஸ்பேட்டைப் பயன்படுத்தும் முறைக்கு 1856இல் காப்புரிமை பெற்றார்.

ஒரு மணி நேர வேலை சில நிமிடமாகச் சுருங்கியது. வேலைக்காரர் இல்லாத வீட்டுப் பெண்ணும் கேக் செய்யலாம் என்றானது இதற்குப் பிறகுதான்.

பேக்கிங் பவுடர் யுத்தம்

லாபம் இருக்கும் இடத்தில் சண்டையும் இருக்கும். அமெரிக்காவின் ராயல் கம்பெனி, ஒயின் பீப்பாய்களில் படியும் உப்பிலிருந்து எடுக்கும் கிரீம் ஆஃப் டார்ட்டரைக் கொண்டு பேக்கிங் பவுடர் செய்தது. அது ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும், விலை அதிகம். போட்டிக் கம்பெனிகள் மலிவான படிகார வகை உப்பைப் பயன்படுத்தின. விலையில் ஜெயிக்க முடியாத ராயல், படிகாரம் விஷம் என்று விளம்பரம் செய்தது.

1899இல் மிசௌரி மாநிலம், படிகாரம் கலந்த பேக்கிங் பவுடரைத் தடை செய்தது. மக்கள் உடல்நலத்துக்கான சட்டம் என்றார்கள். 1903இல் உண்மை வெளியே வந்தது. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு லஞ்சம் கைமாறியிருந்தது. மாநிலத்தின் துணை ஆளுநர் ஜான் லீ பதவி விலகினார். ராயலின் வில்லியம் ஜீக்லர் மேல் வழக்கு வந்தது, ஆனால் நியூயார்க்கில் இருந்த அவரை மிசௌரிக்கு அனுப்ப மறுத்துவிட்டார்கள். 1905இல் அந்தச் சட்டம் ரத்தானது.

ஒரு தேக்கரண்டிப் பொடிக்காக ஒரு சட்டமன்றமே விலைபோயிருக்கிறது! தரம் என்ற பெயரில் போட்டியாளரைச் சந்தையைவிட்டுத் துரத்தும் இந்த வித்தை, பேக்கிங் பவுடரோடு முடிந்துபோன ஒன்றா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

பாக்கெட்டில் வந்த கேக்

கடைசிக் கட்டம், தண்ணீர் ஊற்றினால் போதும் என்கிற கேக் மிக்ஸ். பிட்ஸ்பர்க் நகரின் டஃப் அண்ட் சன்ஸ் கம்பெனி கரும்புப்பாகு வியாபாரம் செய்தது. பாகை மாவோடு சேர்த்து உலர வைத்து மிக்ஸ் தயாரிக்கும் முறைக்கு 1933இல் காப்புரிமை பெற்றது. 1947இல் ஜெனரல் மில்ஸ், பெட்டி குரோக்கர் என்ற பெயரில் மிக்ஸ் விற்க ஆரம்பித்தது. பெட்டி குரோக்கர் என்று யாரும் கிடையாது. 1921இல் வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதற்காக ஒரு மாவுக் கம்பெனி உருவாக்கிய கற்பனைப் பெண் அவர்.

இங்கே ஒரு பிரபலமான கதை உண்டு. முட்டையும் கலந்த மிக்ஸ் விற்கவில்லையாம். வேலை இல்லாமல் கேக் செய்வது பெண்களுக்குக் குற்ற உணர்ச்சி தருகிறது என்று 1950களில் எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியலாளர் சொன்னாராம். முட்டையை வீட்டில் உடைத்து ஊற்றச் சொன்னதும் விற்பனை எகிறியதாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டஃப் கம்பெனியின் 1935ஆம் ஆண்டுக் காப்புரிமையிலேயே புது முட்டை சேர்க்கும் யோசனை வந்துவிட்டது. அது டிக்டருக்குப் பல வருடம் முந்தியது. புது முட்டை சேர்த்தால் கேக் நன்றாக வரும் என்பதும் எளிய உண்மை. விளம்பர உலகத்துக்கு மனோதத்துவம் பிடித்த அளவுக்கு முட்டையின் ருசி பிடிக்கவில்லை போலும்.

கடைசியில் கணக்கு என்ன?

கை அடித்த வேலையை சோடா எடுத்துக்கொண்டது. தராசின் வேலையைக் கிண்ணம் எடுத்துக்கொண்டது. மாவு கலக்கும் வேலையைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. இதனால் சாதாரண வீடுகளுக்கும் கேக் வந்தது, அது நிச்சயம் நல்லதே. ஒரு பெண்ணின் தோள்வலி மிச்சமானதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் பாக்கெட்டின் மேல் அச்சடித்திருப்பது விற்கும் விலை மட்டும். கரும்பு வெட்டியவரின் கூலியோ, சட்டம் இயற்றியவரின் லஞ்சமோ அதில் அச்சாவதில்லை. 1791இல் சர்க்கரைக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்த பெண்கள் அச்சாகாத அந்த வரியைப் படித்தார்கள். பொருளாதாரப் பட்டம் எதுவும் வாங்காமலே படித்தார்கள்.