மகளின் பெயரில் கணக்கு, கையெழுத்து யாருக்கு?

அட்டாளைச்சேனையில் ஏழைக் குடும்பமொன்றில் பெண் பிள்ளை பிறந்தால், சேமிப்பைப் பற்றிய யோசனையும் கூடவே பிறந்துவிடும். அந்தச் சேமிப்பு பெரும்பாலும் வங்கிக்குப் போவதில்லை. கல்லாகவும் சீமெந்தாகவும் வளவுக்குள் இறங்குகிறது, மிச்சம் நகையாகிறது. மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடிப்பதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் இந்தக் கரையோர ஊர்களின் நீண்டகால வழக்கம். பக்கத்து அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கூலி வேலை, மீன்பிடி, பாய் இழைத்தல், தையல் என்று வருகிற சில்லறைக் காசில் ஒரு வீடு எழும்ப வேண்டும். அது முடியாதபோதுதான் பல உம்மாமார் மத்திய கிழக்குக்கு விமானம் ஏறுகிறார்கள்.

இந்தக் கணக்கில் பிள்ளையின் படிப்புச் செலவுக்கு இடம் குறைவு. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டில் டியூசன் காசு தேவைப்பட்டால், கட்டி முடியாத சுவரை உடைத்து விற்க முடியாது. நகை அடகுக்குப் போகும்.

காசாகச் சேர்ப்பதற்குக் கைவசம் இருப்பவை உண்டியலும் சீட்டும். (வெளிநாட்டுக் காசு வங்கிக்கு வெளியே கைமாறுவதற்கும் இங்கே 'உண்டியல்' என்றுதான் பெயர்.) சீட்டில் வட்டி இல்லை, கடதாசி வேலையும் இல்லை. ஆனால் பிடிப்பவர் கைவிட்டால் கேட்பதற்கு ஆளும் இல்லை.

வங்கியைத் தள்ளி வைப்பதற்கு வட்டி மீதான மார்க்கத் தயக்கம் ஒரு காரணம். 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பின் அதற்கு வழி பிறந்தது. முழுமையாக இஸ்லாமிய முறையில் இயங்கும் அமானா வங்கி 2011இல் தொடங்கியது. வேறு சில வங்கிகளிலும் இலாபப் பங்கு அடிப்படையிலான தனிப் பிரிவுகள் உண்டு. இன்னொரு காரணம் அனுபவம். 2022 செப்டம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டது. புத்தகத்தில் கிடந்த காசு கரைய, நகை வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அதைக் கண்ணால் கண்ட ஒரு தாயிடம் போய் வங்கியின் அருமையைச் சொல்வது லேசான காரியமல்ல.

இதற்கு நடுவிலும் சிறுவர் கணக்குப் புத்தகம் பல வீடுகளில் இருக்கிறது. தேசிய சேமிப்பு வங்கியின் 'ஹபன்', இலங்கை வங்கியின் 'ரன் கெகுளு' என்று பெயர்கள் பழகியவை. கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கும். திறப்பவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பெரும்பாலும் 18 வயதுவரை காசை மீளப் பெற முடியாது. தகப்பனின் அவசரச் செலவிலிருந்து காசைக் காப்பதற்கு இந்தப் பூட்டு நல்லது. ஆனால் அதே பூட்டு பிள்ளைக்கும்தான். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணத்துக்கு 18 வயதை எல்லையாக வைக்கவில்லை. ஆகவே 16 வயதில் மனைவியாகிவிடும் ஒருத்தி, தன் பெயரிலுள்ள காசுக்காக இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க நேரலாம். அதே சட்டம் மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கூலியைக் காழி நீதிமன்றில் கேட்டுப் பெறும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. இதை அறியாத பெண்கள் அதிகம் என்றே நினைக்கிறேன்.

இந்தியாவில் 10 வயதைத் தாண்டிய பிள்ளைகள் தாமாகவே சேமிப்புக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி 2014இல் இடம் கொடுத்தது. ஆனால் கையெழுத்து மட்டும் போதாது. உகண்டாவின் கம்பாலாவில் ஏழைப் பெண் பிள்ளைகளிடையே நடந்த சேமிப்புத் திட்டமொன்றை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு சொல்வது கவனிக்கத்தக்கது. வாராந்தக் குழுவும் வழிகாட்டும் மூத்த பெண்ணும் இல்லாமல் கணக்கு மட்டும் வைத்திருந்த பிள்ளைகள் பாலியல் தொந்தரவுக்கு ஆளாவது கூடியிருந்தது. நம் ஊர்களில் அப்படியொரு குழுவுக்குப் புதிதாக இடம் தேட வேண்டியதில்லை. தையல் வகுப்பு இருக்கிறது, குர்ஆன் மத்ரஸா இருக்கிறது, ராத்தாமார் இருக்கிறார்கள்.

கணக்குத் திறக்கப் போகும் உம்மாமார் வங்கியில் கேட்க வேண்டியவை சில. படிப்புக்கோ வைத்தியத்துக்கோ 18 வயதுக்கு முன் காசு எடுக்க வழி உண்டா? நான் வெளிநாடு போனால் பாதுகாவலராக யார் கையெழுத்திடுவது? பிள்ளைக்கு 18 ஆனதும் கணக்கு தானாக அவளுடைய கைக்கு மாறுமா, அல்லது விண்ணப்பிக்க வேண்டுமா? பதிலைப் பிள்ளையும் கேட்கும்படி அவளைக் கூடவே கூட்டிப்போங்கள்.