அமோய் கார்டன்ஸ் சார்ஸ் பரவல்

அமோய் கார்டன்ஸ் சார்ஸ் பரவல் என்பது 2003 மார்ச்சில் ஹொங்கொங்கின் கவுலூன் பகுதியிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் சார்ஸ் தீநுண்மி பரவிய நிகழ்வாகும். இங்கு 329 பேர் நோயுற்றனர். அவர்களுள் 42 பேர் இறந்தனர்.

பரவிய முறை

குளியலறைத் தரை வடிகாலின் வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் நீர், கழிவுக் குழாயின் காற்று வீட்டினுள் வராமல் தடுக்கும். பல வீடுகளில் தரையை நீரூற்றிக் கழுவாமல் துடைத்து மட்டும் வந்தமையால் இந்நீர் வற்றியிருந்தது. குளியலறையின் காற்று வெளியேற்றும் விசிறி இயங்கியபோது தீநுண்மி கலந்த நுண்திவலைகள் வடிகால் வழியே உள்ளிழுக்கப்பட்டிருக்கலாம் என அரசின் ஆய்வு கருதியது.

தனிமைப்படுத்தல்

மிகுதியாகப் பாதிக்கப்பட்ட 'ஈ' தொகுதிக்கு மார்ச் 31 அன்று தனிமைப்படுத்தல் ஆணை பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் அங்கிருந்தோர் விடுமுறை முகாம்களுக்கு மாற்றப்பட்டனர். சில குடும்பங்கள் ஆணைக்கு முன்னரே வீட்டை விட்டு வெளியேறியிருந்தன.

வீடுகளில் தற்காப்பு

நகரெங்கும் மக்கள் முகமூடி அணிந்தனர். ஒரு பங்கு வெளுப்பானை 99 பங்கு நீரில் கலந்து வீடுகளைத் துடைத்தனர். வடிகால்களில் தவறாது நீரூற்றுமாறு அரசு அறிவுறுத்தியது. 2020இல் கொரோனாத் தொற்றின்போதும் இவ்வறிவுரை மீண்டும் வழங்கப்பட்டது.