வினாத்தாளுக்கு மார்க்குப் போடுவது யார்?

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் வெகுகாலம் பாடமே நடத்தவில்லை, பரீட்சைதான் நடத்தியது. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் காட்டியது 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை. கோயம்புத்தூரிலிருந்து மெட்ரிகுலேஷனுக்குப் போன பையனுக்கு ஆங்கிலத் தாள் ஒரு சல்லடை. உத்தியோகத்துக்கு யாரை எடுப்பது, யாரைக் கழிப்பது என்பதே அதன் வேலை. பெயருக்குப் பின்னால் 'பி.ஏ. ஃபெயில்' என்று போட்டுக்கொண்டவர்களைக் கேலி செய்கிறோம். சல்லடைக் கண் கோணலா என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்லலாமென்றால் பரீட்சையைத்தான் சொல்வோம் என்று 1948-49இல் ராதாகிருஷ்ணன் குழு எழுதியது. 1960இல், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராயிருந்தபோது, கோவை அரசு கலைக் கல்லூரியில் பட்டப்படிப்புக்குத் தமிழ்வழி வந்தது. ஆங்கிலம் பயிற்றுமொழியாக இருக்கலாமா கூடாதா என்ற சண்டையில், மொழிப்பாடமாக மிஞ்சிய ஆங்கிலத்தை எப்படிச் சோதிப்பது என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு முயற்சி செய்தார். இலக்கணம் சொல்லிக்கொடுக்காமல், ரயில் அட்டவணையைப் பார், வரைபடத்தில் வழி கண்டுபிடி என்று வேலை கொடுத்து ஆங்கிலம் கற்பிப்பது. இதை மதிப்பிட்டு 1985இல் எழுதிய பெரெட்டாவும் டேவிஸும் ஒரே தாளை நம்பவில்லை. இலக்கணத்துக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, இரு முறைக்கும் பொதுவாக மூன்று என்று வைத்தார்கள். பழைய முறையில் படித்தவர்கள் இலக்கணத் தாளில் முந்தினார்கள். பிரபுவின் பிள்ளைகள் வேலைத் தாளில். பொதுத் தாள்களில் பிரபு பக்கம் கொஞ்சம் கை ஓங்கியது. தாள் மாறினால் கெட்டிக்காரப் பிள்ளையும் மாறிவிடுகிறது. ஒற்றைத் தாளின் நடுநிலை என்பது ஒரு புனைவு. அந்தப் புனைவின் மேல்தான் நம் சான்றிதழ்கள் எல்லாம் நிற்கின்றன.

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளை 'பிராய்லர்' என்று திட்டுவது சுலபம். பிளஸ் ஒன் பாடத்தைத் தூக்கிப்போட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூவையே அரைத்தார்கள், வாஸ்தவம். ஆனால் எந்தக் கேள்வி எங்கே வரும் என்பதை 'புளூபிரிண்ட்' சொல்லிவிட்டது. நெட்டுருப் போட்ட எஸ்ஸேவுக்கு மார்க்கு விழுந்தது. "கேக்கறதத்தானுங்க நாங்க சொல்லிக்குடுக்கோணும்?" என்று ஒரு வாத்தியார் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. பரீட்சை என்ற பிரதியை மிகச் சரியாக வாசித்தவர்கள் அவர்கள்தான். 2017இல், கோபிசெட்டிபாளையத்துக்காரரான செங்கோட்டையன் கல்வி அமைச்சராயிருந்தபோது, ரேங்க் அறிவிப்பு நின்றது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவித்தார்கள். பட்டியலை எடுத்தது நல்லதுதான். கேள்வியின் தரத்தை அது தொடவில்லை.

தன் விடைத்தாளைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வினாத்தாள் விஷயத்திலும் நாம் கேட்க வேண்டியது இருக்கிறது. எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் என்ன எழுதினார்கள், ஒரே விடைக்கு இரண்டு பேர் எவ்வளவு வித்தியாசமாய் மார்க்குப் போட்டார்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாய்ச் சறுக்கிய கேள்வி எது என்ற கணக்கை ஒவ்வொரு வருஷமும் வெளியிடச் சொல்ல வேண்டும். சறுக்கியது பிள்ளையா, கேள்வியா என்று அன்னூரில் அடுத்த வருஷத்துக்குப் பாடம் தயாரிக்கும் டீச்சருக்கும் தெரியோணுமல்லவா.